சிலிண்டர் லென்ஸ் கண்ணில் நேராக நிற்க: டோரிக் லென்ஸ் போடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சிலிண்டர் பவர் உள்ளவர்கள் அதற்கான கான்டாக்ட் லென்ஸ் (டோரிக் லென்ஸ்) போடத் தொடங்கியதும் ஒரு விநோதத்தைக் கவனிப்பார்கள். அதே கண், அதே லென்ஸ். காலையில் எழுத்துகள் கத்தரித்து வைத்ததுபோலத் தெரியும். மதியம் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தின் பக்கத்திலும் ஒரு நிழல் எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கும். நாலைந்து முறை இமைத்தால் நிழல் மறையும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். பவர் ஏறிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். பல நேரங்களில் பவர் அப்படியேதான் இருக்கும். லென்ஸ்தான் கண்ணுக்குள் திரும்பியிருக்கும்.

பல வருடங்கள் இந்த லென்ஸோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்குப் புரிந்தது இது: லென்ஸை நேராக நிறுத்தும் வேலை இமையுடையது. விரலால் திருப்பி வைத்து அதை ஜெயிக்க முடியாது. நம்மால் ஆவது இரண்டு காரியம். இமை தன் வேலையைச் செய்ய வசதி செய்து தரலாம். அது முடியாதபோது பார்வை எந்த விதத்தில் மங்குகிறது என்று கவனித்து, அதை ஆப்டோமெட்ரிஸ்டிடம் (கண்ணைச் சோதித்து லென்ஸ் எழுதித் தருபவர்) சரியாகச் சொல்லலாம். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்கும்.

திரும்பினால் ஏன் மங்குகிறது

வெறும் கிட்டப்பார்வைக்கான லென்ஸுக்கு மேல், கீழ் கிடையாது. வட்டம் முழுக்க ஒரே பவர். அது கண்ணுக்குள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தாலும் பார்வை மாறாது. சிலிண்டர் பவர் தேவைப்படும் கண்ணில், அதாவது அஸ்டிக்மாட்டிசம் உள்ள கண்ணில் கதை வேறு. கண்ணின் முன்பக்கம் உள்ள கார்னியா பந்து மாதிரி எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளைந்திருக்க வேண்டும். அது கரண்டியின் முதுகு மாதிரி ஒரு திசையில் அதிகமாகவும் அதற்குக் குறுக்கே குறைவாகவும் வளைந்திருந்தால், உள்ளே வரும் ஒளி ஒரே புள்ளியில் குவியாது. சிலருக்கு இந்தக் கோணல் கார்னியாவில் இல்லாமல் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸில் இருக்கும்.

தாமஸ் யங் என்ற ஆங்கில விஞ்ஞானி 1801இல் தன் கண்ணிலேயே இந்தக் குறையை அளந்து எழுதினார். 1825இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி தன் இடது கண்ணுக்காக உருளை வடிவக் கண்ணாடி ஒன்றை வடிவமைத்துக்கொண்டார். இன்று நம் சீட்டில் இருக்கும் சிலிண்டர் என்ற சொல் அந்த உருளையைத்தான் குறிக்கிறது. ஏரிக்கு ஒரு சௌகரியம் இருந்தது: அவருடைய கண்ணாடி மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது, சுழல வழியில்லை. நம்முடையது ஈரமான உருண்டையின் மேல் மிதக்கிறது.

உங்கள் சீட்டில் −2.00 / −1.25 × 180 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எண் சாதாரண பவர். இரண்டாவது சிலிண்டர். மூன்றாவது ஆக்சிஸ், அதாவது அந்த சிலிண்டர் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது. லென்ஸ் திரும்பும்போது கெடுவது இந்த மூன்றாவது எண்தான்.

எவ்வளவு திரும்பினால் எவ்வளவு இழப்பு என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 5 டிகிரி திரும்பினால் சிலிண்டரில் சுமார் 17 சதவீதம் திருத்தப்படாமல் மிஞ்சும். 10 டிகிரி என்றால் சுமார் மூன்றில் ஒரு பங்கு. 15 டிகிரியில் பாதி. 30 டிகிரியில் முழுவதும் மிஞ்சும். சிலிண்டரே இல்லாத லென்ஸைப் போட்டதற்குச் சமம். அதையும் தாண்டினால் போடாமல் இருந்ததைவிட மோசம்.

இதை உங்கள் சொந்த பவரோடு பெருக்கிப் பாருங்கள். சிலிண்டர் −0.75 உள்ளவருக்கு 10 டிகிரித் திருப்பத்தால் மிஞ்சுவது சுமார் 0.25, பலர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். −2.25 உள்ளவருக்கு அதே திருப்பத்தில் சுமார் 0.75 மிஞ்சும், தூரத்துப் பலகையைப் படிக்கத் திணறுவார். நண்பருக்கு ஒத்துப்போன லென்ஸ் உங்களுக்கு ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

லென்ஸைப் பிடித்து நிறுத்துவது எது

லென்ஸின் அடிப்பக்கம் கனமாக இருப்பதால் ஈர்ப்பு விசை அதைக் கீழே இழுத்து நிறுத்துகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஈர்ப்பு விசைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, ஆனால் முக்கிய வேலை இமையின் அழுத்தத்துடையது. ஈரமான பழ விதையை இரண்டு விரல்களுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். மெல்லிய முனை விரலுக்குள் இருக்க, தடித்த பக்கம் வெளியே வழுக்கும். அதேபோல மேல் இமை கீழே இறங்கும்போது லென்ஸின் தடித்த பகுதியைத் தன் அடியிலிருந்து தள்ளிவிடுகிறது. ஒவ்வொரு இமைப்பும் லென்ஸுக்கு ஒரு சின்னத் திருத்தம்.

இதை வைத்து இரண்டு விதமாக லென்ஸ் செய்கிறார்கள். பிரிசம் பேலஸ்ட் வகையில் அடிப்பக்கம் தடிப்பாக இருக்கும். இன்னொரு வகையில் மேலும் கீழும் மெல்லியதாக வைத்து, இரண்டு பக்கங்களில் தடிப்பு கொடுத்திருப்பார்கள். இமைகள் மேலிருந்தும் கீழிருந்தும் அழுத்தி அதை நடுவில் நிறுத்தும். பக்கவாட்டில் படுப்பது, தலையைச் சாய்ப்பது போன்ற நேரங்களில் இரண்டாவது வகை ஈர்ப்பு விசையை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. உங்களுடையது எந்த வகை என்று ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இமைதான் ஆள்கிறது என்றால் இமையின் குணம் லென்ஸுக்கும் வரும். மேல் இமை நேராக மேலிருந்து கீழே விழுவதில்லை. காதுப் பக்கத்திலிருந்து மூக்குப் பக்கமாக, ஜிப் இழுப்பதுபோல மூடுகிறது. கீழ் இமையும் மூக்குப் பக்கமாகச் சற்று நகர்கிறது. அதனால் லென்ஸின் அடிப்பக்கம் மூக்கை நோக்கிச் சில டிகிரி சாய்ந்து நிற்பது சகஜம். இறுக்கமான இமை, குறுகிய கண் திறப்பு, சரிவான இமை உள்ளவர்களுக்கு இந்தச் சாய்வு மாறுபடும். ஆகவே சாய்வு இருப்பதே ஒரு கோளாறு ஆகிவிடாது. ஒரே இடத்தில் அசையாமல் சாய்ந்து நிற்கும் லென்ஸை எளிதாகச் சமாளிக்கலாம். கண்ட இடத்துக்கு அலையும் லென்ஸ்தான் தலைவலி.

படி 1: குறியைக் கண்டுபிடியுங்கள்

ஏறக்குறைய எல்லா டோரிக் லென்ஸிலும் மெல்லிய கோடுகளோ புள்ளிகளோ பொறித்திருக்கும். சிலவற்றில் கடிகாரத்தின் 6 மணி இடத்தில் ஒரு கோடு அல்லது மூன்று கோடுகள். சிலவற்றில் 3 மணியிலும் 9 மணியிலும். சிலவற்றில் 6, 12 இரண்டிலும். லென்ஸை விரல் நுனியில் வைத்து, வெளிச்சத்தைப் பின்னால் விட்டு, ஓரத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தால் தெரியும். பொறுமை வேண்டும், தலைமுடி அளவுகூட இருக்காது.

இங்கே பலரும் ஒரு தப்பு செய்கிறார்கள். அந்தக் கோடு ஆக்சிஸைக் காட்டுவதில்லை. உங்கள் ஆக்சிஸ் 180 ஆனாலும் 70 ஆனாலும் குறி அதே 6 மணியில்தான் இருக்கும். லென்ஸ் எப்படி உட்கார வேண்டும் என்பதற்கான அடையாளம் மட்டுமே அது. “என் ஆக்சிஸ் 70, ஆனால் கோடு கீழே இருக்கிறதே” என்று லென்ஸைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

படி 2: போடுவதற்கு முன்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு உதிராத துணியில் ஈரம் போகத் துடையுங்கள். ஈர விரலில் லென்ஸ் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு மாறாது.

அடுத்தது வலது, இடது. சாதாரண லென்ஸில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் என்றால் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. டோரிக்கில் அப்படியில்லை. பலருக்கு இரண்டு கண்களின் ஆக்சிஸ் கண்ணாடிப் பிம்பம்போல இருக்கும்: வலதில் 20 என்றால் இடதில் 160. மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றும் 40 டிகிரி தவறி நிற்கும். ஒரு நாள் அவசரத்தில் நான் இப்படி மாற்றிப் போட்டுக்கொண்டு, லென்ஸ் சுழல்கிறது என்று பாதி நாள் இமைத்துக்கொண்டே திரிந்தேன். அன்றிலிருந்து வலதுதான் முதலில், டப்பாவைத் திறப்பதிலிருந்து கழற்றுவது வரைக்கும். வரிசையை ஒரு நாளும் மாற்றுவதில்லை.

உள் வெளி புரண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் கிண்ணம்போல ஓரம் நேராக மேலே எழ வேண்டும். ஓரம் தட்டின் விளிம்பு மாதிரி வெளியே விரிந்தால் புரண்டிருக்கிறது. சில லென்ஸ்களில் எண்ணோ எழுத்தோ பொறித்திருக்கும். அது நேராகப் படிக்க வந்தால் சரி. புரண்ட டோரிக் லென்ஸும் கண்ணில் ஒட்டும், பாதி நேரம் தெரியவும் செய்யும். ஆனால் உறுத்தும், அதிகமாக அசையும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

கிழிசல், ஓரத்தில் வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

படி 3: போடும் முறை

லென்ஸ் ஆள்காட்டி விரல் நுனியில் இருக்கட்டும். உங்கள் லென்ஸின் குறி 6 மணியில் என்றால் அது தரையை நோக்கி இருக்கும்படி விரலில் திருப்பி வையுங்கள். 3, 9 மணியில் என்றால் இரண்டும் கிடைமட்டமாக. இது கட்டாயமில்லை, எப்படிப் போட்டாலும் இமை அதைக் கொண்டுபோய் நிறுத்தத்தான் செய்யும். ஆனால் 90 டிகிரி தள்ளிப் போட்டால் அது தன் இடத்துக்கு வர நேரமாகும், நேராகப் போட்டால் சில இமைப்புகளிலேயே அமர்ந்துவிடும்.

மேல் இமையை மற்றக் கையாலும், கீழ் இமையை லென்ஸ் வைத்திருக்கும் கையின் நடுவிரலாலும் பிடியுங்கள். கண்ணாடியில் நேரே பார்த்தபடி கருவிழியின் மேல் வையுங்கள். சிலர் வெள்ளை விழியில் வைத்துவிட்டு அங்கிருந்து நடுவுக்கு இழுப்பார்கள். சாதாரண லென்ஸுக்கு அது பரவாயில்லை. டோரிக்கில் இழுக்கும்போதே லென்ஸ் திரும்பிக்கொள்ளும், அடியில் காற்றுக்குமிழும் சிக்கும்.

விரலை எடுத்ததும் இமையைப் பட்டென்று விடாதீர்கள். முதலில் கீழே பார்த்து, கீழ் இமையை விட்டு, பிறகு மேல் இமையை மெதுவாக விடுங்கள். அப்புறம் நாலைந்து முழு இமைப்புகள். முழு இமைப்பு என்றால் மேல் இமை கீழ் இமையைத் தொட வேண்டும். கண்ணைக் கசக்க வேண்டாம், இறுக்கி மூடிப் பிழியவும் வேண்டாம். இரண்டுமே லென்ஸைத் திருப்பும்.

படி 4: உட்கார நேரம் கொடுங்கள்

போட்ட உடனே பார்வையைச் சோதிப்பதில் அர்த்தமில்லை. முதல் ஓரிரு நிமிடங்களில் கண்ணீர் அதிகமாக ஊறும், லென்ஸ் மிதக்கும். 5 நிமிடத்திலிருந்து 15 நிமிடம் வரை விடுங்கள். பரிசோதனை அறையில் ட்ரையல் லென்ஸ் போட்டுவிட்டு வெளியே உட்கார வைப்பதும் இதற்காகத்தான்.

பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நன்றாக இருக்கும் கண் மற்றதின் தப்பை மூடி மறைத்துவிடும். தினமும் ஒரே இடத்தில் நின்று, தூரத்தில் உள்ள ஒரே எழுத்துப் பலகையையோ நாட்காட்டியையோ பாருங்கள். இன்றைக்கு எவ்வளவு தெரிகிறது, நேற்று எவ்வளவு தெரிந்தது என்று ஒப்பிட அது போதும். படுக்கைக் கோடுகள் கூர்மையாகவும் நிற்கும் கோடுகள் மங்கலாகவும், அல்லது தலைகீழாகவும் தெரிந்தால், சிலிண்டர் சரியாகத் திருத்தப்படவில்லை என்று அர்த்தம். எல்லாக் கோடும் ஒரே அளவு மங்கினால் வேறு காரணம் தேடலாம்.

படி 5: லென்ஸ் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது

இதைத் துல்லியமாகச் செய்ய, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் என்ற கருவி வேண்டும். ஆனாலும் நல்ல வெளிச்சத்தில், கண்ணுக்கு மிக அருகில் எடுத்த ஒரு புகைப்படத்தில் பல லென்ஸ்களின் குறி தெரியும், முக்கியமாகக் கருவிழி அடர்நிறமாக இருந்தால். கீழ் இமையைச் சற்றே தாழ்த்த வேண்டியிருக்கும். அழுத்தி இழுத்தால் லென்ஸும் நகர்ந்துவிடும், மெல்ல.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முகக்கண்ணாடியில் பார்க்கும்போதும், போனின் முன்பக்கக் கேமராவில் பார்க்கும்போதும் இடவலம் மாறித் தெரியும். உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் காண்பது அதற்கு நேர் எதிர். “இடது பக்கம் சாய்ந்திருக்கிறது” என்று நீங்கள் சொன்னால் யாருடைய இடது என்று குழப்பம் வரும். அதனால் இடம், வலம் என்ற சொற்களையே விட்டுவிட்டு மூக்குப் பக்கம், காதுப் பக்கம் என்று சொல்லுங்கள். எந்தக் கண்ணாடியிலும் மூக்கு மூக்கின் இடத்தில்தான் இருக்கும்.

கோணத்தை மதிப்பிடக் கடிகாரம் கைகொடுக்கும். கடிகார முகத்தில் ஒரு மணி இடைவெளி 30 டிகிரி, ஒரு நிமிடக் கோடு 6 டிகிரி. 6 மணியில் நிற்க வேண்டிய குறி ஒன்றரை நிமிடக் கோடு அளவு மூக்குப் பக்கம் நகர்ந்திருந்தால் சுமார் 10 டிகிரி.

படி 6: மங்கலின் குணத்தைப் படியுங்கள்

என் கணிப்பில் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி இது. “மங்கலாகத் தெரிகிறது” என்று மட்டும் சொன்னால் எதிரே இருப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. எப்போது மங்குகிறது, இமைத்ததும் என்ன ஆகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

நாள் முழுக்க ஒரே அளவு மங்கல், இமைத்தாலும் மாறவில்லை. லென்ஸ் ஒரே இடத்தில் நிலையாக நிற்கிறது, ஆனால் தப்பான கோணத்தில்; அல்லது பவரே வேறு. இதுதான் சரிசெய்ய எளிதானது. வலது இடது மாறவில்லை, உள் வெளி புரளவில்லை என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இமைத்த உடனே மங்கி, ஓரிரு நொடியில் தெளிகிறது. லென்ஸ் தளர்வாக இருக்கலாம். ஒவ்வொரு இமைப்பும் அதை அளவுக்கு மீறி நகர்த்துகிறது, பிறகு அது மெதுவாகத் திரும்பி வருகிறது. பக்கவாட்டில் பார்த்துவிட்டு நேரே பார்க்கும்போது ஒரு நொடி மங்கினாலும் இதே சந்தேகம்தான்.

இமைத்த உடனே தெளிந்து, பிறகு மெல்ல மங்குகிறது. இரண்டு காரணங்கள் சாத்தியம். ஒன்று, லென்ஸ் இறுக்கமாக இருக்கிறது. இன்னொன்று, கண்ணும் லென்ஸின் மேற்பரப்பும் காய்கின்றன. லென்ஸுக்கு ஏற்ற ஈரமூட்டும் சொட்டு விட்டதும் நெடுநேரம் தெளிவாக இருந்தால் வறட்சியைச் சந்தேகியுங்கள். கழற்றிய பிறகு வெள்ளை விழியில் லென்ஸ் ஓரத்தின் வட்டமான தடம் பதிந்திருந்தால் இறுக்கத்தைச் சந்தேகியுங்கள்.

காலையில் தெளிவு, மாலையில் மங்கல். வறட்சி, படிவு (லென்ஸில் ஒட்டிச் சேரும் அழுக்கு), அல்லது இரண்டும். புது லென்ஸில் முதல் வாரம் நன்றாக இருந்து கடைசி வாரத்தில் மட்டும் இப்படி ஆனால், படிவு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

படுத்துக்கொண்டு பார்க்கும்போது மட்டும் மங்கல். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுத்தால் தலையோடு கண்ணும் சாய்கிறது. அடிப்பக்கம் தடித்த லென்ஸ் தரையை நோக்கிக் கொஞ்சம் இறங்கப் பார்க்கும். எழுந்து உட்கார்ந்து சில முறை இமைத்தால் சரியாகிவிடும் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அப்படியே வாழ்வது சிரமம் என்றால், முன்னால் சொன்ன இரண்டாவது வகை லென்ஸைக் கேட்கலாம்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, ஆனால் அடிக்கடி செய்ய வேண்டாம். கை சுத்தமாக இருக்கட்டும், லென்ஸ் ஈரமாக இருக்கட்டும். கீழே வெள்ளை விழியின் மேல் இருக்கும் லென்ஸ் ஓரத்தை விரல் நுனியால் மிக மெதுவாகத் தொட்டு ஒரு பக்கம் சிறிது திருப்புங்கள், நகம் படாமல். பிறகு சாதாரணமாக இமையுங்கள். ஓரிரு நிமிடத்தில் லென்ஸ் பழைய இடத்துக்கே திரும்பினால், அதுதான் உங்கள் கண்ணில் அதற்கு இயல்பான இடம். திருப்பிய இடத்திலேயே நின்றுவிட்டால் இறுக்கமாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் போய் நின்றால் தளர்வாக இருக்கலாம். விரலால் திருப்பிப் பார்வை தெளிந்துவிட்டது என்று தினமும் இதையே வைத்தியமாக்கிக்கொள்பவர்கள் உண்டு. இமை பத்து இமைப்பில் அதை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடும். தேவையில்லாமல் விரல் படுவது தொற்றுக்கும் வழி.

படி 7: நாள் நடுவே

இமைப்பு குறைந்தால் திருத்தமும் குறையும். கணினித் திரையையோ போனையோ உற்றுப் பார்க்கும்போது நாம் குறைவாக இமைக்கிறோம். இமைப்பதும் பாதி இமைப்புதான், மேல் இமை நடுவழியிலேயே திரும்பிவிடும். லென்ஸின் கீழ்ப்பாதி காய்ந்துபோகும். காய்ந்த லென்ஸ் விளிம்பில் சுருங்கி இமையில் மாட்டும், பிறகு இமை போகும் பக்கம் தானும் போகும். ஒரு பக்கம் படித்து முடித்ததும், ஒரு அழைப்பு முடிந்ததும் என்று ஏதாவது ஒரு அடையாளம் வைத்துக்கொண்டு அப்போதெல்லாம் ஐந்து முழு இமைப்பு இமையுங்கள். முகத்துக்கு நேரே வீசும் மின்விசிறியையும் ஏசிக் காற்றையும் திருப்பிவிடுங்கள்.

சொட்டு விடுவதென்றால் கான்டாக்ட் லென்ஸோடு விடலாம் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். கண் சிவப்பைப் போக்கும் சொட்டு இதற்கானது இல்லை.

கண் அரித்தால் கசக்கத் தோன்றும். கசக்கினால் லென்ஸ் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கசக்கிவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை, கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை பார்த்து நிதானமாக இமையுங்கள், ஐந்து நிமிடம் பொறுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் கழற்றி, சொல்யூஷனில் அலசிப் போடுங்கள். தினசரி லென்ஸ் என்றால் புதியது ஒன்று.

படி 8: பராமரிப்பு

படிவு சேர்ந்த லென்ஸ் வழுக்காது. இமை அதைப் பிடித்து இழுக்கும். ஆகவே சுத்தமும் கோணத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்தான். ‘தேய்க்கத் தேவையில்லை’ என்று எழுதியிருக்கும் சொல்யூஷனானாலும் உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்து அலசுவது நல்லது. டோரிக்கின் தடித்த பகுதியில் படிவு எளிதில் தங்கும் என்பது என் அனுபவம். பழைய சொல்யூஷன் மேலேயே புதியதை ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கார்னியாவில் கடுமையான தொற்றை உண்டாக்கும். குளிக்கும்போதும் நீந்தும்போதும் கழற்றிவிடுங்கள். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு சொல்யூஷன் படிவை நன்றாக எடுக்கும், ஆனால் அதற்கென வரும் டப்பாவில், குறிப்பிட்ட நேரம் முழுவதும் ஊறி அது நடுநிலையான பிறகுதான் கண்ணுக்குப் போக வேண்டும். மாத லென்ஸை ஒன்றரை மாதம் இழுத்தால் லாபம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான்: அந்தக் கடைசி இரண்டு வாரம் நீங்கள் பார்ப்பது நிழல் எழுத்தை.

கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், சீழ் வந்தால், பார்வை திடீரென்று குறைந்தால் அது சுழற்சிப் பிரச்சினை இல்லை. உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். அந்த லென்ஸைக் கீழே போடாமல் டப்பாவோடு எடுத்துப் போங்கள்.

படி 9: ஆப்டோமெட்ரிஸ்டிடம் போகும்போது

லென்ஸைப் போட்டுக்கொண்டே போங்கள். இரண்டு மணி நேரமாவது கண்ணில் இருந்த லென்ஸைப் பார்த்தால்தான் அது உண்மையில் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். பெட்டியையும் மூக்குக்கண்ணாடியையும் கையோடு எடுத்துப் போங்கள். படி 6இல் கவனித்ததைச் சொல்லுங்கள்: எந்தக் கண், எந்த நேரம், இமைத்ததும் என்ன ஆகிறது.

லென்ஸ் நிலையாக, ஆனால் சாய்ந்து நின்றால் அவர் லென்ஸை நேராக்க முயல மாட்டார். சாய்வைக் கணக்கில் எடுத்து வேறு ஆக்சிஸில் லென்ஸ் எழுதுவார். உதாரணமாக, வலது கண்ணில் அடிக்குறி மூக்குப் பக்கம் 10 டிகிரி சாய்ந்து நிற்கிறது, உங்களுக்கு வேண்டியது 180 என்றால், 170 லென்ஸைத் தருவார். அது கண்ணில் போய் 10 டிகிரி சாயும்போது சிலிண்டர் சரியாக 180இல் நிற்கும். இடது கண்ணில் அதே சாய்வு என்றால் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டுவார்; ஆக்சிஸ் எண் 180 வரைதான் என்பதால் 190 என்பது 10 ஆகிவிடும். எதிரே இருப்பவர் பார்வையில் குறி இடது பக்கம் போனால் கூட்டு, வலது பக்கம் போனால் கழி என்பது அவர்கள் மனப்பாடம்.

இது தெரியாததால் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்ததும் பலர் பதறுகிறார்கள்: கண்ணாடிச் சீட்டில் 180, லென்ஸ் பெட்டியில் 170, மாற்றிக் கொடுத்துவிட்டார்களே என்று. கண்ணாடி பவரும் லென்ஸ் பவரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கண்ணாடி கண்ணிலிருந்து தள்ளி இருக்கிறது, லென்ஸ் கண் மேலேயே இருக்கிறது, பவர் 4.00க்கு மேல் போனால் அந்த இடைவெளிக்காகவே எண் மாறும். தவிரவும் மென்மையான டோரிக் லென்ஸ்கள் பலவற்றில் ஆக்சிஸ் 10 டிகிரி இடைவெளியிலும், சிலிண்டர் −0.75, −1.25, −1.75, −2.25 என்ற படிகளிலும்தான் வரும். அருகில் உள்ளதை எழுதுவார்கள். கண்ணாடிச் சீட்டை வைத்துக்கொண்டு நீங்களே லென்ஸ் வாங்கக் கூடாது என்பதற்கு இவ்வளவும் காரணம். அதேபோல 170இல் பழகிய லென்ஸை விட்டு வேறு நிறுவனத்தின் 170 லென்ஸுக்கு நீங்களாக மாறாதீர்கள். அது உங்கள் கண்ணில் சாயாமல் நேராக நின்றால், இந்தக் கணக்கே தப்பாகிவிடும்.

சாய்வு 20 டிகிரிக்கு மேல் இருந்தாலோ, இமைப்புக்கு இமைப்பு இடம் மாறினாலோ ஆக்சிஸ் மாற்றிப் பயனில்லை. அப்போது பேஸ் கர்வ் (லென்ஸின் உள்வளைவு), விட்டம், நிலைநிறுத்தும் முறை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வேறாக இருக்கும் லென்ஸை முயல வேண்டும். பிரிசம் பேலஸ்டில் நிற்காத கண் மற்ற வகையில் அடங்குவதும், அதில் அலைந்த கண் பிரிசம் பேலஸ்டில் அடங்குவதும் உண்டு. இரண்டு மூன்று ட்ரையல் ஆகலாம், முதல் லென்ஸிலேயே முடிந்துவிட வேண்டும் என்று அவரையும் உங்களையும் நெருக்காதீர்கள். சிலிண்டர் 0.75 அளவில்தான் இருக்கிறது, எந்த டோரிக்கும் நிற்கவில்லை என்றால், சாதாரண லென்ஸைப் போட்டுப் பார்த்து ஒப்பிடக் கேளுங்கள். அலையும் டோரிக்கைவிட அசையாத சுமாரான பார்வை சிலருக்குப் பிடித்துவிடுகிறது.

மென்மையான லென்ஸ் எதுவுமே நிற்காத கண்களுக்கு, காற்று ஊடுருவும் கடின லென்ஸ் இருக்கிறது. அது கார்னியாவின் கோணலோடு சேர்ந்து வளைவதில்லை. தன் வட்ட வடிவத்தை அப்படியே வைத்திருக்கும். அடியில் உள்ள கண்ணீர் மேடு பள்ளத்தை நிரப்பிவிடும். அதனால் கோணல் கார்னியாவில்தான் என்றால் சாதாரண கடின லென்ஸ் எத்தனை முறை சுழன்றாலும் பார்வை மாறாது. கார்னியா கூம்பாகிப்போகும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கு இதையும், வெள்ளை விழியின் மேல் அமரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸையும் கொடுப்பது இதனால்தான். பழகச் சில வாரங்கள் ஆகும், முதல் நாட்களில் உறுத்தும். கோணல் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸில் என்றால் கண்ணீர் நிரப்புவதால் அது தீராது. கடின லென்ஸிலும் சிலிண்டர் வைக்க வேண்டியிருக்கும், அப்போது அதற்கும் ஒரு ஆக்சிஸ் வந்துவிடும்.